ஈர நெற்றி

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண்மணி பஞ்சுவின் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினாள். பஞ்சு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"சுட்டுடாதீங்கக்கா. கல்யாணம் ஆன அன்னைக்கே பாதி உயிர் போயாச்சு. மிச்சத்தை வெச்சுத்தான் காலத்தை ஓட்டிட்டு இருக்கேன்."

துப்பாக்கி 'பீப்' என்று கத்திவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது. காய்ச்சல் இருக்கிறதா என்று தொடாமலே பார்த்துச் சொல்லும் துப்பாக்கி அது. அந்தப் பெண்மணி சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "உள்ள போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பின்னால் வரிசையில் நின்ற குழந்தையைப் பார்க்கத் திரும்பினாள். அவளுடைய இமைகள் வீங்கிக் கிடந்தன.

"எந்த இடத்துல வாயைத் திறக்கணும்னு பார்த்துத் திற பஞ்சு" என்றார் மேடம். "ஒரு வாரமா அழுதுட்டு இருக்கற கண்ணு அது."

பஞ்சு வாயை மூடிக்கொண்டான். அப்படியே அதிக நேரம் இருக்க அவனால் முடியாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

நகர சுகாதார அலுவலகத்தில் அவனுடைய வேலை, காய்ச்சல்காரர்களின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுப்பது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. மேடத்தின் வேலை, அந்தக் காய்ச்சல் எப்படிக் கிளம்பி எப்படிப் பரவியது என்று துருவித் துருவிக் கண்டுபிடிப்பது. அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் சல்லடை என்று பெயர். அது அவருக்கும் தெரியும், அவர் கண்டுகொள்வதில்லை.

பருவம் மாறும்போது எல்லா ஊரிலும் வருகிற ஃப்ளூ காய்ச்சல்தான் இந்தப் பள்ளிக்கும் வந்திருந்தது. சுற்றியுள்ள மற்றப் பள்ளிகளில் நாலு பேர் தும்மி, நாலு பேர் படுத்து, அதோடு அடங்கிவிட்டது. இந்தத் தொடக்கப் பள்ளியில் மட்டும் வகுப்பு வகுப்பாகச் சாய்த்துவிட்டது. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமிக்கு அது நெஞ்சில் இறங்கி, போன வாரம் ஆஸ்பத்திரியிலேயே உயிர் போய்விட்டது. ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் பள்ளி முழுக்க அவளைக் குருவி என்றுதான் கூப்பிடும். அந்த வகுப்பின் டீச்சருக்கு அவள் ஒரே மகள்.

தலைமையாசிரியர் அவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"இதுல துப்பறிய ஒண்ணுமே இல்ல மேடம். காய்ச்சலோட வர்ற பிள்ளைங்களை வாசல்லயே திருப்பி அனுப்பணும்னு உத்தரவு. அதுக்குத்தான் அந்த மெஷின். வாசலக்கா ஒழுங்காப் பார்க்கல, உள்ள விட்டுட்டாங்க. சாயந்திரம் பெற்றோர் கூட்டம் இருக்கு. நீங்க அதுல ஒரு வார்த்தை சொல்லிட்டா, அந்தம்மாவை அனுப்பிடலாம்."

"எங்க அனுப்புவீங்க?" என்று கேட்டார் மேடம்.

"வீட்டுக்குத்தான்."

"வாசலை ஒட்டி ஒரு ரூம் இருக்கே, கொடியில புடவை காயுது. அதுதானே அவங்க வீடு?"

தலைமையாசிரியர் மேசை மேல் இருந்த பேனாவை நேராக நகர்த்தி வைத்தார். "எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா குருவியோட அம்மாவே, எங்க டீச்சரே, அந்தம்மா வாசல்ல நிக்கற வரைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துல கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. பெத்தவ சொல்றா. நான் என்ன பண்ண முடியும்?"

"முடிவை நீங்களே எடுத்துட்டீங்க, முத்திரை குத்த எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க" என்றான் பஞ்சு. "சொல்லியிருந்தா வரும்போதே மைப்பெட்டியைக் கொண்டு வந்திருப்போமே சார்."

மேடம் அவனைப் பார்வையாலேயே வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

வாசலில் முதல் மணிக்கான கூட்டம் இன்னும் வந்துகொண்டிருந்தது. மேடம் ஓரமாக நின்று பார்த்தார். வாசலக்கா ஒரு குழந்தையையும் பார்க்காமல் விடவில்லை. ஓடி நுழையப் பார்த்த ஒரு பயலைப் பையைப் பிடித்து இழுத்து நிறுத்தி நெற்றியைப் பார்த்த பிறகுதான் விட்டாள். கூட்டம் தீர்ந்ததும் மேடம் அந்தத் துப்பாக்கியை வாங்கி, தன் பையில் இருந்த பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பஞ்சுவின் அக்குளில் செருகினார். இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்லின.

"மெஷின் நல்லா இருக்கு. பார்க்கற ஆளும் நல்லாப் பார்க்கறாங்க" என்றார். "அப்புறம் காய்ச்சல் எப்படி உள்ள போச்சு?"

"சுவர் ஏறிக் குதிச்சிருக்கும் மேடம்."

"அப்படித்தான் இருக்கணும். வா, எங்க குதிச்சுதுன்னு பார்க்கலாம்."

டீச்சர்கள் வண்டியோடு நுழையும் பின்கேட்டைத் தாண்டி வராந்தாவில் நடந்தார்கள். முதல் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. இரண்டாம் வகுப்பில் முக்கால்வாசி காலி. அங்கே மாற்று ஆசிரியை ஒருத்தி, மீதியிருந்த பிள்ளைகளிடம் படம் வரையச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன் பெஞ்சின் ஓரத்தில் ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அது யாருடைய இடம் என்று பஞ்சு கேட்கவில்லை. அவனுக்கும் வீட்டில் அந்த வயதில் ஒன்று இருக்கிறது.

ஒவ்வொரு வகுப்பின் கதவுக்கு மேலும் ஒரு பித்தளைக் கொக்கி இருந்தது. எல்லாம் தேய்ந்து பளபளத்தன.

வராந்தாவின் கடைசிக்கு வந்ததும் காது கிழிந்தது. மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவு. பெஞ்சு நிறையப் பிள்ளைகள், பெஞ்சுக்குக் கீழேயும் பிள்ளைகள். ஒருவன் இன்னொருவன் முதுகில் சவாரி போய்க்கொண்டிருந்தான். வாத்தியார் அதைப் பார்த்துப் பழகிப்போனவர் போலக் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இந்த வகுப்பின் கொக்கியில் அவருடைய குடை தொங்கியது.

"இந்த வகுப்புல யாருக்கும் காய்ச்சல் இல்லையா?" என்று கேட்டார் மேடம்.

"வந்துது. ரெண்டு மூணு பேருக்கு. வீட்ல கிடந்துட்டு வந்துட்டானுங்க" என்றார் வாத்தியார். "இந்தக் கழுதைங்களுக்குத் தலைவலின்னாலும் லீவு, தலைவலி போயிடுச்சுன்னாலும் லீவு. இதுங்க எங்க கொடி வாங்கப் போகுதுங்க?"

"என்ன கொடி?"

"லீவே போடாத வகுப்புக்குப் பச்சைக் கொடி. கதவுக்கு மேல தொங்க விடுவாங்க. ஒருத்தன் வரலன்னாலும் அன்னைக்குக் கொடியை இறக்கிடுவாங்க. என் கொக்கி ஒரு நாளும் கொடியைப் பார்த்ததில்ல."

முதுகில் சவாரி போனவன் இறங்கி வந்து பெருமையாகச் சொன்னான். "எனக்கும் காய்ச்சல் வந்துச்சு. வீட்ல டிவி பார்த்தேன். கஞ்சி குடிச்சேன். அப்புறம் போயிடுச்சு."

வெளியே வந்ததும் மேடம் நின்று திரும்பி வராந்தா முழுக்க ஒரு பார்வை பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் ஏதோ மாட்டிவிட்டது என்று அர்த்தம்.

"பஞ்சு, ஸ்கூல்ல அழுக்கான வகுப்பு எது?"

"கண்ணை மூடிட்டுச் சொல்லலாம், இதுதான்."

"ஒழுங்கில்லாத வகுப்பு?"

"அதுவும் இதுதான்."

"ஆனா ஆளுங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஒழுக்கமான வகுப்பெல்லாம் படுத்துக் கிடக்கு. காய்ச்சலுக்கு ஒழுக்கமான பிள்ளைங்களைத்தான் பிடிக்குமா?"

பஞ்சு தலையைச் சொறிந்தான். "என் காலத்துல நாங்க அக்குள்ல வெங்காயத்தை வெச்சுக்கிட்டுக் காய்ச்சல் வரவழைப்போம் மேடம், ஸ்கூலுக்கு மட்டம் போடறதுக்கு. இங்க அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஏதாவது நடந்திருக்குமோ?" சொல்லிவிட்டு அவனே சிரிக்கப் போனான். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உன்னை எதுக்கு வேலைக்கு வெச்சிருக்கேன்னு இன்னைக்குத்தான் எனக்கே புரியுது" என்றார் அவர்.

இரண்டாம் வகுப்பில், காய்ச்சலில் படுத்து எழுந்து அன்றைக்குத்தான் வந்திருந்த ஒரு சிறுமி இருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்து பொக்கை வாய். மாற்று ஆசிரியையையும் துணைக்கு வைத்துக்கொண்டு, வராந்தாவில் அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தான் பஞ்சு. பெரியவர்களிடம் உண்மையை வாங்க மேடம், சின்னவர்களிடம் வாங்கப் பஞ்சு என்பது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

"அந்த வாசல் துப்பாக்கி இருக்கே, அதை யாராலயும் ஏமாத்த முடியாது தெரியுமா?" என்றான். "நான் எவ்வளவோ பார்த்துட்டேன். மகா கெட்டிக்காரத் துப்பாக்கி அது."

"அதெல்லாம் ஏமாந்துடும்" என்றாள் பொக்கை வாய்.

"போ பாப்பா. சும்மா கதை விடாதே."

"நிஜமா! வெளிய வேன் நிக்குதுல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு குழாய் இருக்கு. கர்ச்சீஃபை நனைச்சு நெத்தியில வெச்சுக்கணும். நிறைய நேரம். அப்புறம் துடைச்சிட்டு ஓடி வந்து நிக்கணும். பச்சை லைட்டுதான் எரியும்."

"உனக்கு யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியுமே. நாலாவது அண்ணாங்க கண்டுபிடிச்சாங்க."

பஞ்சு எழுந்து குழாயடிக்குப் போனான். கைக்குட்டையை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நின்றான். துடைத்துவிட்டு வந்து நின்றவனைத் துப்பாக்கியால் பார்த்தார் மேடம். சற்று முன்பு காட்டியதைவிடச் சூடு நன்றாக இறங்கியிருந்தது. கையால் தொட்டுப் பார்த்தார். நெற்றி ஈரமாக இல்லை, ஆனால் ஜில்லென்று இருந்தது.

"உடம்பு சுடும்போது எதுக்குடா கண்ணு ஸ்கூலுக்கு வந்தே?" என்று அந்தச் சிறுமியைக் கேட்டான் பஞ்சு.

அவள் அவனை ஒரு மக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நான் வரலன்னா கொடி இறங்கிடும்ல? எல்லாரும் என்னோட காய் விட்டுடுவாங்க. முதல்ல ஒரு அண்ணன் லீவு போட்டான். அவன்கூட யாருமே பேசல. சாப்பிடும்போதுகூடத் தனியா உட்கார்ந்தான்."

"கொடி விளையாட்டை யாரு ஆரம்பிச்சது?"

"எங்க டீச்சர். எங்க வகுப்புலதான் முதல்ல இருந்துச்சு. அப்புறம் எச்.எம். சார் எல்லா வகுப்புக்கும் குடுத்தார்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் கேட்டாள். "டீச்சர் எப்ப வருவாங்க? குருவி வரமாட்டான்னு அம்மா சொன்னாங்க. டீச்சர் வருவாங்கல்ல?"

பஞ்சு அவளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டான்.

ஆனாலும் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஒரு அப்பாவியின் பிழைப்பு தப்பித்தது. நல்ல சேதியை முதலில் கொண்டுபோகும் ஆசையில் மேடத்துக்கு முன்னால் வாசலறைக்கு ஓடினான். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரில் ஒரு கடிகாரம். வாசலக்கா துணிகளை மடித்து ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியை மூடுங்கக்கா! உங்க மேல தப்பே இல்ல. பசங்க உங்களை ஏமாத்திட்டானுங்க. எல்லாம் அந்தக் கொடியால வந்த வினை. சாயந்திரம் மேடம் எல்லார் முன்னாடியும் சொல்லிடுவாங்க."

வாசலக்கா மடித்துக்கொண்டிருந்த புடவையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்த பஞ்சுவுக்கு அது வரவேயில்லை.

"வேண்டாம் தம்பி. கொடியைப் பத்திப் பேசாதீங்க."

"ஏன்க்கா?"

"பேசினா அது டீச்சர் தலையில போய் விடியும். நான்தான் சரியாப் பார்க்கலைன்னு இருக்கட்டும். எனக்கு என்ன, ஒண்டிக்கட்டை. எங்கயாவது ஒரு வாசல் கிடைக்காதா?"

உள்ளே வந்த மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "டீச்சர் பாவம்தான். ஆனா உங்களைத் துரத்தறதுல அவங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது?"

"திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்மா அவங்களுக்கு. இல்லாட்டி அவங்க பைத்தியமாயிடுவாங்க." வாசலக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "எனக்கே தாங்கலையே. அன்னைக்குக் காலையில அந்தப் பிஞ்சுக் கை என் விரலைப் பிடிச்சப்போ நெருப்பாக் கொதிச்சுது. அந்தச் சூடு இன்னும் என் கையை விட்டுப் போகல."

பஞ்சு தலையாட்டினான். மேடம் ஆட்டவில்லை.

"குருவி அவ அம்மாவோட வண்டியில, டீச்சருங்க வர்ற பின்கேட் வழியாத்தானே உள்ள வரும்?" என்று கேட்டார். "உங்க வாசலுக்கு அது வராதே. கை கொதிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாசலக்கா மடியில் இருந்த புடவையை மறுபடியும் மடித்தாள். பேசுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்பது போல மேடம் உட்கார்ந்திருந்தார்.

"தினமும் ஓடி வந்துடும்மா" என்றாள் கடைசியில். "வண்டியை விட்டு இறங்கினதும் பையை அவங்கம்மா கையில குடுத்துட்டு நேரா என்கிட்ட. என் சுண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ஒவ்வொரு பிள்ளைக்கும் 'அடுத்து! அடுத்து!'ன்னு கத்தும். மணி அடிச்சாத்தான் போகும். அன்னைக்கு வந்து நின்னுது, கத்தல. கையைத் தொட்டா அனல். மெஷினை வெச்சேன், சிவப்பு எரிஞ்சுது."

"டீச்சர்கிட்டச் சொன்னீங்களா?"

"கூட்டிட்டே போனேன். 'காலையில மருந்து குடுத்திருக்கேன் அக்கா, இறங்கிடும்'னாங்க. வீட்ல பார்த்துக்க ஆள் இல்ல, அவரு வேலைக்கு வெளியூர் போயிருந்தாரு. அதுகூடப் பரவாயில்ல. கொடிக் கணக்குக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள். அந்த வகுப்பு தப்பிச்சுட்டா பருவம் முழுக்கக் கொடி இறங்காத வகுப்புன்னு மேடையில ஏத்துவாங்களாம். 'என் பொண்ணாலயே கொடி இறங்கினா, மத்தப் பசங்க முகத்துல நான் எப்படிக்கா முழிப்பேன்? சாயந்திரம் வரைக்கும் பொறுத்துக்கட்டும்'னாங்க. நானும் சரின்னு வந்துட்டேன். நானும்தான் வந்துட்டேன்."

புடவையால் முகத்தை மூடிக்கொண்டாள். பஞ்சு கதவருகே போய் நின்றுகொண்டான்.

"இதை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றார் மேடம். "ஆனா உங்க மேல தப்பில்லன்னு சொல்லுவேன். அதை உங்களால தடுக்க முடியாது."

"என் வாயால எதுவும் வராதும்மா. பிள்ளையைப் பறி கொடுத்தவகிட்டப் போய் இதையும் பிடுங்கிக்கணுமா?"

மாலையில் பள்ளி மண்டபம் நிரம்பி வழிந்தது. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இரண்டு பக்கமும் இடம் விட்டு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள்தான் டீச்சர் என்று பஞ்சுவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலக்காவை அனுப்புவதைக் கண்ணால் பார்க்க அவள் வந்திருந்தாள். வாசலக்கா கடைசியில், கதவை ஒட்டி நின்றாள்.

மேடம் நீட்டி முழக்கவில்லை. துப்பாக்கி சரியாக இருந்ததையும், பிள்ளைகள் நெற்றியைக் குளிர வைத்துக்கொண்டு வந்ததையும், மட்டம் போட்ட வகுப்பு மட்டும் தப்பித்ததையும் சொன்னார். கொடியை யார் கொண்டு வந்தது என்று சொல்லவில்லை. பஞ்சு குழாயடியில் செய்ததை எல்லார் முன்னாலும் இன்னொரு முறை செய்துகாட்டினான். காலையில் அதில் இருந்த வேடிக்கை இப்போது இல்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை.

"வாசல்ல நின்ன அம்மா அவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க" என்று முடித்தார் மேடம்.

"அப்ப யார் மேலதான் தப்பு?" என்று ஒரு அப்பா எழுந்து கத்தினார். "ஒரு குழந்தை செத்துப் போயிருக்கு. யாருமே காரணம் இல்லையா?"

"யார்கிட்ட இருந்து யாருக்கு ஒட்டிச்சுன்னு என்கிட்ட இருக்கற எந்தப் பரிசோதனையும் சொல்லாது சார். ஊர் பூரா இருக்கற காய்ச்சல். ஆனா உடம்பு முடியலன்னு வீட்ல இருக்கறது அவமானம்னு இந்தப் பிள்ளைங்க நினைச்சிருக்காங்க. இங்க எத்தனை பேர் காலையில மருந்தை ஊத்திக் குடுத்து ஸ்கூலுக்கு அனுப்பியிருக்கீங்க? கை தூக்க வேண்டாம். உங்களுக்குள்ள கேட்டுக்குங்க."

எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். பல தலைகள் குனிந்தன. அந்த அமைதியில் முன்வரிசை நாற்காலி ஒன்று நகர்ந்தது. டீச்சர் எழுந்திருந்தாள். எல்லாருக்கும் முதுகைக் காட்டாமல் திரும்பி நின்று, கூட்டத்தைத் தாண்டிக் கடைசிக் கதவைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பஞ்சுவும் அப்படித்தான் நினைத்தான்.

"அக்கா, அன்னைக்குக் காலையில என்கிட்ட வந்து என்ன சொன்னீங்க?"

வாசலக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "ஒண்ணும் சொல்லல டீச்சர்."

"குருவியைக் கூட்டிட்டு வந்து என்ன சொன்னீங்க?"

"நான் வரவேயில்ல டீச்சர். நான் வாசல்லதான் இருந்தேன். நான்தான் சரியாப் பார்க்கல."

"அக்கா, பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல!" என்று அழுதே விட்டாள் வாசலக்கா.

டீச்சர் கூட்டத்தைப் பார்த்தாள். வகுப்பில் பாடம் சொல்கிறவளின் தெளிவான குரலில்தான் பேசினாள், அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"உடம்பு சுடுதுன்னு சொன்னாங்க. அந்த மெஷினை என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை வெச்சுக் காட்டினாங்க. எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் மருந்து குடுத்துக் கூட்டிட்டு வந்தேன். கொடி நான் கொண்டு வந்தது. என் பொண்ணால அது இறங்கக் கூடாதுன்னு நினைச்சேன். சாயந்திரம் வரைக்கும் பொறுத்துக்கோடான்னு குருவிகிட்டச் சொன்னேன்." அவள் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பொறுத்துக்கிட்டா. முன் பெஞ்சுலதான் இருந்தா. ஒரு தடவைகூட முடியலம்மான்னு சொல்லல. சாயந்திரம் கொடி தொங்குதான்னு கேட்டா. தொங்குதுன்னு சொன்னேன்."

யாரோ ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

டீச்சர் மேடத்தின் பக்கம் திரும்பினாள். குரல் இப்போது வகுப்புக் குரலாக இல்லை.

"அன்னைக்குக் காலையிலயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாளா மேடம்?"

சொல்லுங்க மேடம், மாட்டாள்னு சொல்லுங்க என்று பஞ்சு மனசுக்குள் கெஞ்சினான். ஒரே ஒரு தடவை, தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் என்ன குடி முழுகிப் போய்விடும்? ஆனால் இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

மேடம் மேடையை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது.

"தெரியலம்மா" என்றார். "சில குழந்தைங்க அன்னைக்கே வந்து தப்பிச்சிருக்காங்க. சில குழந்தைங்க அன்னைக்கே வந்தும் தப்பல. குருவி எப்படின்னு எனக்குத் தெரியல."

டீச்சர் அந்தக் குட்டி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். பின்னால் இருந்து நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலக்கா வந்தாள். டீச்சரின் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிழைச்சிருக்க மாட்டா டீச்சர்."

டீச்சர் அவளைப் பார்த்தாள்.

"நான் கையைப் பிடிச்சுப் பார்த்தேன்ல? எனக்குத் தெரியும். வருஷக் கணக்கா எத்தனை பிள்ளைங்களைத் தொட்டுப் பார்த்திருக்கேன். அது அன்னைக்கே கை மீறிப் போயிடுச்சு. எங்க தூக்கிட்டு ஓடியிருந்தாலும் நின்னிருக்காது. எங்க ஓடியிருந்தாலும்."

"நிஜமாவா அக்கா?"

"நிஜமாத்தான் சொல்றேன்."

அவளுக்கு அப்படி எதுவும் தெரியாது என்பது பஞ்சுவுக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் மெதுவாக நிமிர்ந்து மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு மறுப்பு வருகிறதா என்று தேடினாள்.

மேடம் மறுக்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்று மட்டும் சொன்னார்.

பஞ்சு போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். பெற்றோர்கள் நாற்காலிச் சத்தம்கூட வராமல் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். கடைசி ஆள் போனதும் அவனும் வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். உள்ளே டீச்சர் வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தாள். குருவி போன நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று வெளியே யாரோ சொன்னார்கள்.